லண்டனில் ஓட்டுப் போடுவது எப்படி?

பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ கிளம்புகிறவர்களுக்கு, பெட்டியில் எத்தனை கிலோ இட்லி அரிசி வைக்கலாம் என்று ஆலோசனை சொல்ல ஆயிரம் பேர் உண்டு. போய் இறங்கியதும் அந்த நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என எந்தப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் நீங்கள் காமன்வெல்த் குடிமகன். 18 வயது ஆகியிருந்து, செல்லுபடியாகும் விசாவும் அங்கே ஒரு விலாசமும் இருந்தால் பெயரைப் பதிந்துகொள்ளலாம். போன செப்டம்பரில் வந்த திருநெல்வேலிப் பையனுக்கு ஓட்டு உண்டு. பக்கத்து வீட்டில் முப்பது வருஷமாக வரி கட்டும் ஜெர்மன்காரர் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்காதவரை, அவருக்கு இந்தத் தேர்தலில் ஓட்டு கிடையாது. சாம்ராஜ்யம் மூட்டை கட்டும்போது எடுத்துப்போக மறந்த சலுகை இது. ஜெர்மன்காரரிடம் இதைச் சொல்லிக்காட்ட வேண்டாம். உங்கள் வீட்டு ஓனர் அவராகவே இருக்கலாம்.

தேர்தல் வியாழக்கிழமையில் வரும். 1935லிருந்து பொதுத்தேர்தல் என்றால் வியாழன்தான். லீவு கிடையாது, மேனேஜரிடம் கேட்டு அவரைக் குழப்பாதீர்கள். காலை 7 மணி முதல் இரவு 10 வரை சாவடி திறந்திருக்கும், ஷிப்ட் முடித்துவிட்டே போகலாம்.

அடையாள அட்டை விஷயத்தில் கவனம். 2023லிருந்துதான் அங்கே படம் ஒட்டிய அட்டை கேட்கிறார்கள். அதற்கு முன்பு பெயரையும் விலாசத்தையும் சொன்னால் சீட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். கள்ள ஓட்டில் தேர்ச்சி பெற்ற நம்மூர் ஆட்கள் இதைக் கேட்டால் இரவெல்லாம் தூங்க மாட்டார்கள். இப்போது உள்ள பட்டியலில் முதியோரின் பஸ் பாஸ் செல்லும். மாணவர்களின் கல்லூரி அட்டை செல்லாது. ஏன் என்று கேட்காதீர்கள், இளைஞர்கள் ஏற்கெனவே கேட்டுப் பார்த்துவிட்டார்கள். உங்கள் இந்தியப் பாஸ்போர்ட் செல்லும்.

சாவடி பள்ளிக்கூடமாகவோ சர்ச் ஹாலாகவோ இருக்கும். சில ஊர்களில் மதுக்கடையிலேயே சாவடி வைக்கிறார்கள். தேர்தல் வந்தால் டாஸ்மாக்கை மூடிவிடும் ஊரிலிருந்து போகிறவர், விலாசம் தப்போ என்று திரும்பி வந்துவிட வேண்டாம். வாசலில் நாய் கட்டியிருந்தால் மிரளாதீர்கள், அது எதிர்க்கட்சி ஏவிவிட்டது அல்ல. ஓட்டுப் போட வந்தவருடைய நாய். கட்சி நிறத்தில் ரிப்பன் பூ குத்திக்கொண்டு ஒருவர் நின்று உங்கள் வாக்காளர் எண்ணைக் கேட்பார். சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. நீங்கள் எந்தத் தெரு, யார் வீட்டுப் பையன் என்றெல்லாம் கேட்க மாட்டார். உள்ளே பீப் சத்தம் போடும் மெஷினைத் தேடாதீர்கள். காகிதச் சீட்டும் கயிற்றில் கட்டிய பென்சிலும் இருக்கும். ஒரு பெருக்கல் குறி போட்டு மடித்துப் பெட்டியில் போட்டால் முடிந்தது. விரலில் மை வைக்க மாட்டார்கள், ஆகவே மை விரல் செல்ஃபிக்கு வழியில்லை.

அடுத்தது மிக முக்கியம். எதுவும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2015ல் சவுத்தாம்ப்டனில் யுகிப் கட்சி வேட்பாளர் ஒருவர் ஸ்நூக்கர் நிகழ்ச்சி நடத்தினார். வந்தவர்களுக்கு சாஸேஜ் ரோல் வைத்திருந்தார்கள். வாக்காளருக்குத் தீனி கொடுத்து மனதை மாற்றப் பார்த்தார் என்று புகார் போய், போலீஸ் அவரை விசாரித்தது. கடைசியில் நடவடிக்கை எதுவும் இல்லை. நம்மூர் பப்ஸுக்கு அண்ணன் மாதிரி இருக்கும் அந்தப் பண்டத்துக்காக ஒரு வேட்பாளர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்து, ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் திருமங்கலம் ஃபார்முலா, பணப் பட்டுவாடாவால் நின்றுபோன 2017 ஆர்.கே.நகர், 2019 வேலூர் என்று உங்கள் அனுபவத்தைப் பரிமாற ஆரம்பிக்காதீர்கள். எதிரே இருப்பவர் நீங்கள் நாவல் எழுதுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். இத்தனைக்கும் சட்டத்தில் வித்தியாசம் இல்லை. விருந்து வைத்து ஓட்டு வாங்குவது நம்மிடமும் குற்றம்தான். வெள்ளைக்காரன் 1920ல் இபிகோவில் சேர்த்தது, பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே வந்திருக்கிறது. அங்கே சாஸேஜ் ரோலோடு மாட்டுகிறார்கள். இங்கே பிரியாணி அண்டா பத்திரமாக வீடு போய்ச் சேருகிறது.

எண்ணிக்கை இரவுக்குக் காபி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 10 மணிக்குச் சாவடி மூடியதும் கருத்துக்கணிப்பு வரும், விடிவதற்குள் ஆட்சி யாருக்கென்று பெரும்பாலும் தெரிந்துவிடும். 2024ல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டுவிட்டு ஜூன் 4 வரை ஸ்ட்ராங் ரூம் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த வேகம் ஒத்துக்கொள்ளாது. முடிவு அறிவிக்கும்போது வேட்பாளர்கள் எல்லோரும் ஒரே மேடையில் வரிசையாக நிற்பது அங்கே வழக்கம். 500 பவுண்டு டெபாசிட்டும் பத்துப் பேர் கையெழுத்தும் இருந்தால் யாரும் நிற்கலாம் என்பதால், 2024 பிரிட்டன் தேர்தலில் அன்று பிரதமராக இருந்த ரிஷி சுனக் யார்க்‌ஷயர் மேடையில் தன் முடிவைக் கேட்டபோது, தலையில் குப்பைத்தொட்டி கவிழ்த்துக்கொண்ட கவுண்ட் பின்ஃபேஸ் என்ற வேட்பாளரும் கூடவே நின்றார். போலீஸ் வந்து இழுத்துப்போகும் என்று காத்திருக்காதீர்கள். வராது. ஓட்டுப்பதிவுக்கு மறுநாளே சுனக் பிரதமர் வீட்டைக் காலி செய்தார். அதே தேர்தலில்தான் ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண் உமா குமரன், ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் ஜெயித்து எம்பி ஆனார்.

இவ்வளவும் பழகியபின் சொந்த ஊர் ஓட்டு ஞாபகம் வரும். இலங்கைக்காரர் என்றால், வெளிநாட்டிலிருந்தபடி போட வழியில்லை. இந்தியர் என்றால் வழி உண்டு. படிவம் 6ஏ நிரப்பி வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிந்துகொள்ளுங்கள். பிறகு தேர்தல் நாளன்று அசல் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் நாங்குநேரி என்றால் நாங்குநேரி சாவடிக்கே நேரில் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை: திருமங்கலம் ரேட்டை ரெண்டு மடங்காக்கினாலும் விமானக் கட்டணத்துக்குக் கட்டுப்படியாகாது.