எண்ணூரில் வண்டியில்லாப் பாதை

மாற்றுத் துணி, ஒரு சிறு அடுப்பு, பஞ்சர் ஒட்டும் சாமான் ஆகியவற்றைப் பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பைகளில் அடைத்துக்கொண்டு, மோட்டார் வண்டியின் சத்தமே கேட்காத காட்டுவழியிலும் வயல்வெளியிலும் நாள்கணக்கில் மிதித்துச் செல்வதைச் சைக்கிள் சுற்றுப்பயணம் என்பர். இதற்கு இரண்டில் ஒரு முதலீடு வேண்டும்: ரயில் ஓடுவது நின்றுவிட்ட ஒரு தடம், அல்லது படகு வருவது நின்றுவிட்ட ஒரு நீர்வழியின் கரை. இங்கிலாந்தில் பிரிஸ்டல், பாத் நகரங்களுக்கு இடையே கைவிடப்பட்ட ரயில்தடத்தை 1979 முதல் 1986 வரை சிறிது சிறிதாகச் செப்பனிட்டுச் சைக்கிளுக்கு விட்டனர். டான்யூப் ஆற்றில் முன்பு படகுகளைக் குதிரைகள் கயிறு கட்டி இழுத்துச் சென்ற கரைகளில், இப்போது பாஸாவிலிருந்து வியன்னா வரை ஏறக்குறைய 300 கி.மீ. தொலைவை ஓய்வுபெற்ற தம்பதியர் இடையிடையே கேக் தின்றபடி கடக்கின்றனர். இந்த அளவுகோலின்படி பார்த்தால், உலகின் தலைசிறந்த சைக்கிள் தலங்களுள் ஒன்றாக இருந்திருக்க வேண்டிய ஊர் எண்ணூர்.

இக்கூற்றுக்குச் சான்று பக்கிங்காம் கால்வாய். பசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகரின் முயற்சியால் 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை, ஏறத்தாழ 11 மைல் தொலைவுக்கு வெட்டப்பட்ட இக்கால்வாய், பின்னர் வடக்கே ஆந்திரம் நோக்கியும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. தாது வருடப் பஞ்சத்தின்போது கூலிக்கு ஆள் கிடைத்ததால் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டு, அப்போதைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் முழுக் கால்வாய்க்கும் சூட்டப்பட்டது. விறகும் உப்பும் ஏற்றி வந்த படகுகளைக் காற்று இருந்தால் பாய் இழுத்தது, காற்று இல்லாவிட்டால் கரையில் நடந்த மனிதர் இழுத்தனர். ஐரோப்பாவில் குதிரைக்கு ஒதுக்கிய வேலை இங்கே மனிதருக்கு ஒதுக்கப்பட்டது என்பதைத் தவிர, ஏற்றமோ இறக்கமோ இல்லாத, வண்டியே நுழையாத, நீரோரப் பாதை என்ற இலக்கணம் சற்றும் பிசகவில்லை. பிறகு படகுகள் நின்றன. சைக்கிள் வர வேண்டிய நேரத்தில் அக்கரைக்குக் குழாய்களும் குடிசைகளும் குப்பையும் சீமைக்கருவேலமும் வந்தன. இவற்றுள் கடைசியாகச் சொன்னதன் முள் டயரையும் டியூபையும் ஒரே குத்தில் ஊடுருவும் ஆற்றலுடையது. நகருக்குள்ளோ 1990களில் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினர். செத்த ரயில்தடத்தில் சைக்கிள் விட்ட நாடு இங்கிலாந்து. சைக்கிள் விட்டிருக்கக்கூடிய நீர்வழியின் மேல் புது ரயில் விட்ட பெருமை சென்னையைச் சேரும்.

இதனால் எண்ணூரில் வண்டித் தொல்லையற்ற பாதையே இல்லை என்று முடிவுகட்டுவது அவசரமாகும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை, துறைமுகத்துக்குள் நுழைய முறை காத்துக் கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் நாள்களில், சாலை முழுவதும் வண்டியாக இருந்தபோதிலும் அவற்றுள் ஒன்றுகூட நகர்வதில்லை. அசையும் பொருள் சைக்கிள் மட்டுமே என்ற நிலையைப் பல கோடி செலவில் டென்மார்க்கும் இதுவரை முழுமையாக எட்டியதில்லை. டிரெய்லருக்கும் கம்பெனி மதிற்சுவருக்கும் இடையில் எஞ்சும் இடைவெளி ஹேண்டில்பாரின் அகலத்தைவிட நான்கு விரற்கடை கூடுதலாக இருக்கும். அதற்குள் செல்பவர் இடப்புறம் சுவர் விளம்பரங்களையும் வலப்புறம் ஆளுயர டயர்களையும் இயற்கைக் காட்சியாகக் கொண்டு முன்னேறலாம். டிரெய்லரின் அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடிக்கும், கண்டெய்னர்க் கொக்கியில் லுங்கி உலர்த்தும், வீட்டை விட்டு எத்தனை நாள் ஆயிற்று என்பதை விரல்விட்டு எண்ணும் ஓட்டுநரைக் காணும்போது, அடுப்பும் மாற்றுத் துணியும் கொண்டு நெடும்பயணம் செய்வோர் என்ற வரையறை சைக்கிளாளரைவிட அவருக்கே பொருந்துகிறது என்பதை நேர்மையான எந்த ஆய்வாளரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

லாரியில்லாத சாலையை எண்ணூரில் தேடுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு: லாரி பிறப்பதே இங்கேதான். 1948இல் தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய ஆலை எண்ணூரில் இருக்கிறது. சற்றுத் தெற்கே திருவொற்றியூரில் புல்லட் செய்த என்ஃபீல்டு நிறுவனத்தின் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. அதன் இங்கிலாந்து மூதாதை சைக்கிள் செய்து பிழைத்த கம்பெனி. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ சைக்கிள்களைத் தந்த டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் அம்பத்தூரைத் தேர்ந்தெடுத்தது. வடசென்னைக்காரருக்கு எட்டிய தூரம்தான், ஆயினும் கடற்காற்று எட்டாத தூரம். உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் நின்ற சைக்கிளின் செயின் என்ன நிறத்துக்கு வரும் என்பதை அறிந்தோர் அத்தேர்வைக் குறைகூற மாட்டார்கள்.

நிலவியல் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. எர்ணாவூர் மேம்பாலம்தான் இப்பகுதியின் மலைத்தொடர். இருபத்துநான்கு கியர் உள்ள விலையுயர்ந்த சைக்கிளை வாங்கியவர் அவற்றுள் இருபத்திரண்டை அந்த ஒரு ஏற்றத்திலேயே பயன்படுத்தித் தீர்க்க வேண்டியிருக்கிறது. அதே பாலத்தில், பின்னால் ஐஸ் பெட்டியும் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளையுமாக, கியர் என்ற ஒன்று உண்டென்றே கேள்விப்படாத ஹெர்குலிஸை எழுந்து நின்று மிதிக்கும் பெரியவர் அவரைத் தாண்டிச் செல்வது, பார்ப்பவருக்கு அன்றி இருவருக்குமே புதிதல்ல. காடு என்று பார்த்தால் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் அலையாத்திக் காடு உண்டு. உப்பும் சேறும் கலந்த நீரில் மூச்சுவிடும் வேர்களை ஊன்றி நிற்கும் அம்மரங்களுக்கிடையே சைக்கிள் செல்லும், ஆனால் கீழ்நோக்கி மட்டும். முறையான காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும், அனுமதி கிடைத்தாலும் யானையின் அனுமதி தனி. ஆகவே சென்னைவாசி சட்டப்படியும் அச்சமின்றியும் காட்டில் சைக்கிள் ஓட்ட எஞ்சியிருக்கும் இடம் வண்டலூர் உயிரியல் பூங்காதான். அங்கே சைக்கிள் வாடகைக்கு வரும், புலி மட்டும் வேலிக்குப் பின்னால் இருக்கும்.

மெய்யாகவே ஆளரவமற்ற வெளி வேண்டுவோர் வடக்கே செல்ல வேண்டும். முகத்துவாரத்தின் அக்கரையில் கண்ணெதிரே தெரியும் காட்டுப்பள்ளிக்குச் சைக்கிளில் செல்வோர், ஆற்றுப்பாலம் கடந்து அத்திப்பட்டுப் புதுநகர்ப் பக்கமாகச் சுற்றி, அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்த சாலைகளில் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு, துறைமுகங்களைத் தாண்டியபின்தான் சவுக்குத் தோப்பையும் கடலின் ஓசையையும் அடைகின்றனர். அவ்வழி முடியும் பழவேற்காட்டில் வரலாற்றின் பெரிய நழுவல் ஒன்று நிகழ்ந்திருக்கிறது. இன்று உலகிலேயே சைக்கிள் மோகம் மிகுந்தவர்களான டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கு வந்து, கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டி, கல்லறைத் தோட்டமும் அமைத்து, 1825இல் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயினர். பெடல் வைத்த சைக்கிள் தோன்ற இன்னும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இருந்தன. அவர்கள் சற்றுப் பொறுத்திருந்தால் பழவேற்காட்டிலிருந்து ராயபுரம் வரை சிவப்புச் சாயமடித்த சைக்கிள் தடம் ஒன்று கிடைத்திருக்கும் என்பது இக்கட்டுரையாசிரியரின் ஆறாத மனக்குறை.

இவ்வழியில் சாலையைவிடக் கடினமானது வாயிற்காவல். சாலை எங்கே முடிகிறது, ஆலைவளாகம் எங்கே தொடங்குகிறது என்பது எளிதில் தெரியாத இவ்வட்டாரத்தில், தவறான வளைவு ஒன்றில் திரும்பியவர் ஏதேனும் ஒரு கேட்டில் போய் நிற்பார். அங்குள்ள பேரேட்டில் பெயர், நேரம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வந்த காரணம் என்றொரு கட்டம் இருக்கும். எண்ணூரில் சைக்கிள் மிதிக்கும் ஒவ்வொருவருக்கும் காரணம் உண்டு: முதல் ஷிப்டு, வலை, டீ கேன், ரேஷன் அரிசி. காரணமே இல்லாமல் நாற்பது கி.மீ. மிதித்து வந்தவரைக் காவலர் சந்தேகிப்பதில் தவறேதும் இல்லை; மாவோ, மண்ணெண்ணெயோ, எதையாவது கேரியரில் வைத்திருந்தால் அவர் மதிப்பு உயர்ந்திருக்கும்.

சுற்றுப்பயணியின் தலைக்கவசம் இச்சிக்கலை மேலும் வளர்க்கிறது. ஊரில் தலைக்கவசம் அணிந்து, பளிச்சென்ற சட்டை போட்டு, தண்ணீர்ப் பாட்டிலோடு ஆற்றங்கரையில் நின்று சுற்றும்முற்றும் பார்ப்பவர் ஆலைகளின் சேஃப்டி ஆபீசர் மட்டுமே என்பதால், குப்பத்தில் சைக்கிள் நின்றதும் நாலு பேர் கூடுவது வழக்கம். அப்படிக் கூடியவர்களுள் கூடையோடு நின்ற ஓர் அம்மாள் கேட்டார்:

“எந்த கம்பெனி சார் நீங்க?”

“கம்பெனி இல்லீங்க, சும்மா சுத்திப் பாக்க வந்தேன்.”

“எல்லா ஆபீசரும் சுத்திப் பாக்கத்தான் சார் வராங்க. சாம்பல் பைப்பு ஒடைஞ்சி ஒரு வாரமாச்சி, ஆத்துல நண்டு ஒண்ணுகூட இல்ல. எப்ப வந்து அடைப்பீங்க?”

தாம் சைக்கிள் சுற்றுப்பயணி என்பதையும், டான்யூப் கரையில் இத்தகையோர் ஆயிரக்கணக்கில் உண்டு என்பதையும் பயணி விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்ட அந்த அம்மாள், கையிலிருந்த கூடையை இறக்கிவைத்தார்.

“சரி, ஆபீஸ்ல சொல்லிடுங்க. சைக்கிளக் கொஞ்சம் அந்தாண்ட தள்ளி நிறுத்துங்க சார், வலை மேல நிக்குது.”