ஓவர்டேக்கியம்: எழுத்து, சொல், பொருள்

பாயிரம்

முன்னே போகும் வண்டியைப் பின்னே வரும் வண்டி முந்துவதற்கு ஆங்கிலேயர் ஒரு வினைச்சொல்லை வைத்தனர். தமிழ்நாட்டு நெடுஞ்சாலை அதைக் கடன் வாங்கி, ‘பண்ணு’, ‘எடு’, ‘அடி’ என்று துணைவினைகளும் பூட்டி, தனி இலக்கணமே கண்டுவிட்டது. அதைத் தொல்காப்பிய முறைப்படி மூன்று அதிகாரங்களாக வகுத்துரைப்பதே இவ்வாய்வு. ஆய்வுக்களம், தனியார் மொபசல் பேருந்தின் முன்வரிசை இருக்கை.

எழுத்ததிகாரம்

ஓவர்டேக்குக்கு முதலெழுத்து ஹாரன். குறிலுக்கு ஒரு மாத்திரை. ‘பின்னால் நான் இருக்கிறேன்’ என்று பொருள். நெடிலுக்கு இரண்டு; ‘ஒதுங்கு’. அளபெடைக்கு மூன்று முதல், எதிரே வருபவர் பிரேக் அடிக்கும் வரை. ‘நான் ஏறிவிட்டேன், இனி உன் பாடு’. மொபெட் ஹாரன் தன் மாத்திரையில் குறைந்து ஒலிப்பதால் குற்றியலுகரம். பல சுரங்களில் பாடும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி தடை செய்கிறது. இயற்றமிழ் போதும் என்பது அரசின் கருத்து; டிரைவர்கள் இசைத்தமிழை விடுவதாயில்லை.

சார்பெழுத்துகளில் சிக்கலானது லாரியின் வலப்பக்க இண்டிகேட்டர். ‘வலப்பக்கம் திரும்புகிறேன்’ என்பது நூல் வழக்கு. ‘ரோடு காலி, நீ போ’ என்பது உலக வழக்கு. இரண்டில் எது என்று தெளிவதற்குள் உரையாசிரியர் ஆஸ்பத்திரியில் இருப்பார். ஆகவே கிளீனர் ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டும் கையையே சான்றோர் பேருரையாகக் கொள்வர்.

சொல்லதிகாரம்

இவ்வினை இடத்துக்கேற்ப வேர்ச்சொல்லையே மாற்றிக்கொள்ளும். தன்மையில், ‘சைடு வாங்கினேன்’. முன்னிலையில், ‘ஏன்ணே இப்படி ஏறி வர்றீங்க?’. படர்க்கையில், ‘கட் அடிச்சுட்டுப் போறான் பாரு’. மூன்றும் ஒரே செயல். உட்கார்ந்திருக்கும் சீட்டுதான் வேறு.

இதற்குச் செயப்பாட்டுவினை கிடையாது என்பதே இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. ‘நான் முந்தப்பட்டேன்’ என்று சொன்ன டிரைவரை எம் களத்தில் காணோம். ‘போய்த் தொலையட்டும்னு விட்டுட்டேன்’ என்பதே வழக்கு. முந்தியவன் வீரன், முந்தவிட்டவன் வள்ளல். தோற்றவன் என்று ஒருவனே சாலையில் இல்லை. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளோ, முந்தப்படும் வண்டி வேகத்தைக் கூட்டக் கூடாது என்கின்றன. மொழியிலேயே இல்லாத ஆளுக்கு விதி எழுதினால் யார் கட்டுப்படுவார்?

பொருளதிகாரம்

இது அகம், புறம் என இருவகைப்படும். பேருந்துக்கு உள்ளே அகம், வெளியே புறம்.

புறத்திணையில், அடுத்த ஸ்டாப்பில் நிற்கும் பயணிகளை முன்வண்டிக்கு முன்பே போய்க் கவர்ந்துகொள்வது வெட்சி. பறிகொடுத்தவர் அடுத்த ஊருக்குள் அவர்களில் பாதியையேனும் மீட்பது கரந்தை. நடுரோட்டைப் பிடித்துக்கொண்டு சைடு கொடாமல் காப்பது நொச்சி. கண்டக்டர் இடப்பக்கப் படியில் தொங்கியபடி தகரத்தைத் தட்டி, ‘வா, வா, வா… ரைட்டேய்!’ என்பது போர்ப்பறை. எல்லாவற்றுக்கும் முதற்பொருள் கலெக்‌ஷன், கருப்பொருள் பேட்டா.

அகத்திணையில் பெரும்பாலும் இரங்கலே பயிலும். முன்கம்பியை இரு கைகளாலும் பிடித்திருக்கும் பாட்டி, ‘ஏம்ப்பா, மெதுவாத்தான் போயேன்’ என்பார். பின்சீட்டு இளைஞரோ, முந்திப்போன வண்டியை விட்டுவிட்டதற்காக டிரைவரிடம் ஊடுவார்.

இங்கே ஒரு மாற்றார் கொள்கையையும் பரிசீலிப்பது முறை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்குப்படி, இருவழிச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் பாதுகாப்பாக முந்த, 470 மீட்டருக்குக் கண்ணுக்கெட்டும் சாலை வேண்டும். முந்தலாமா என்று டிரைவர் யோசிக்க 2 விநாடியும் இக்கணக்கில் அடக்கம். இது பொருந்தாது. எம் களத்தில் அந்த முடிவு பஸ் ஸ்டாண்டிலேயே, டைம் கீப்பரோடு சண்டை போட்டபோதே எடுக்கப்பட்டுவிடுகிறது. மீதித் தூரத்தை எதிரே வருபவர்தான் ஏற்பாடு செய்துதர வேண்டும்.

முடிபு

அபாயகரமாக முந்தினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ உண்டு. ஆனால் நோய் வினையில் இல்லை. செயப்பாட்டுவினை இல்லாமையில் இருக்கிறது. ‘முந்தப்பட்டேன், அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை’ என்று ஒரு டிரைவர் டீக்கடையில் வாய்விட்டுச் சொல்லும் நாளில் இவ்விலக்கணம் வழக்கொழியும். அதுவரை இதுவே முடிந்த முடிபு. மறுப்புரை எழுத விரும்பும் அறிஞர்கள் தாராளமாக வரலாம். இடப்பக்கமாகப் புகாமல், ஒரு குறில் அடித்துவிட்டு வரவும்.