ஈரக்காலில் காலுறை: 2 நிமிடம் 20 விநாடி பற்றிய ஓர் ஆய்வு

இக்கட்டுரையாளன் சென்ற ஆண்டு ஒலிம்பிக் தூர ட்ரையத்லான் ஒன்றை 3 மணி 42 நிமிடம் 45 விநாடியில் முடித்தான். இவ்வாண்டு அதே கடற்கரையில், அதே தூரத்தை, 3 மணி 40 நிமிடம் 25 விநாடியில் முடித்தான். வேறுபாடு 2 நிமிடம் 20 விநாடி. இது எங்கிருந்து வந்தது என்று நிறுவுவதே ஆய்வின் நோக்கம். இதற்கு முன் எவரும் இதை ஆராயவில்லை. எவரும் கேட்கவும் இல்லை. 'ஆய்வு இடைவெளி' என்று நம் ஆய்வேடுகளின் முதல் இயலில் கொண்டாடப்படுவது இதைத்தான்.

முதற்கண் சொல்லாராய்ச்சி. ட்ரையத்லானை முப்போட்டி என்பர் ஒரு சாரார். நெடுமுப்போட்டி என்பர் மற்றொரு சாரார். 'அந்தக் கண்றாவி' என்பது எம் வீட்டு வழக்கு. கலைச்சொல் குழு கூடி, உணவு இடைவேளைக்குப் பின்னும் கூடி, முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கட்டும். அதுவரை 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம் என்ற அளவில் மாற்றமில்லை.

இனி வரலாறு. 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேர் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, ஒரு முழு மாரத்தானும் ஓடப் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முதலில் வந்தார். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, துணைக்கு வந்தவர்கள் பியர் கொடுத்தனர். (இச்செய்திக்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை. ஆயினும் ஏடு தடிக்க வேண்டும்.) தொடர்புடையது யாதெனில், போட்டியைத் தொடங்கிவைத்த கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், விதித்தாளில் மூன்று தூரங்களையும் எழுதியபின், மிச்ச ஆயுள் முழுக்கப் பீற்றிக்கொள்ளலாம் என்றும் சேர்த்திருந்தார். ஆகவே பீற்றல் இவ்விளையாட்டின் நான்காம் அங்கம். இடைச்செருகல் அன்று, மூலபாடமே. இக்கட்டுரையும் அதன்பாற்படும்.

ஆய்வுக்குக் கிடைத்த சான்றுகள் மூன்று: கைக்கடிகாரம், ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிய பயிற்சி அட்டவணை (இனி 'ஃபிரிட்ஜ் ஏடு'), வாய்மொழி. இவற்றுள் பாடபேதம் மிகுதி. ஒரு ஞாயிறன்று 'விடிகாலை 4.30, ஈசிஆர், 60 கி.மீ.' என்கிறது ஃபிரிட்ஜ் ஏடு. கடிகாரமோ 22 கி.மீ. என்றும், அதில் 47 நிமிடம் சக்கரம் அசையவே இல்லை என்றும் பாடங்கொள்கிறது. அசையாத இடம் முட்டுக்காட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடை. ஏடெழுதியவர் பிழை என்று ஒதுக்குவர் சிலர். உட்பொருள் உண்டென்பது எம் துணிபு (காண்க: ஃபிரிட்ஜ் ஏடு, ஏப்ரல், சாம்பார்க் கறைக்குக் கீழ் மூன்றாம் வரி, ஒப்பிடுக: அதே தாளின் பின்பக்கம், பால் கணக்கு, 'இரண்டு பாக்கெட் பாக்கி' என்னும் பகுதி, கறை மறுபக்கம் ஊறியதால் தெளிவில்லை, மேலும் காண்க: டீக்கடைக் கடன் நோட்டு, 'சைக்கிள் சார்' என்னும் தலைப்பு, வடை நீங்கலாக).

அங்கங்களைத் தனித்தனியே நோக்குவாம்.

நீச்சல்: 25 விநாடி குறைந்தது, அன்று கடல் அமைதி.

சைக்கிள்: 45 விநாடி குறைந்தது. ஈசிஆரில் போகும்போதும் எதிர்க்காற்று, திரும்பும்போதும் எதிர்க்காற்று என்பது சைக்கிள்காரர்களின் ஒருமித்த கொள்கையாதலின் காற்றைப் பற்றி மேலும் பேசுவதற்கில்லை.

ஓட்டம்: பின்னர் வருந்துவோம்.

இனி உடைமாற்றும் இடம். கடலிலிருந்து ஏறி, ஹெல்மெட் மாட்டி, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும் இவ்விடத்தை 'டி1' என்பர். இங்கே கடிகாரம் நிற்பதில்லை. இதையே நான்காம் அங்கம் என்பது ட்ரையத்லான்காரர் வழக்கு. எனவே பீற்றலை ஐந்தாம் இடத்துக்கு நகர்த்துகிறோம். ஹெல்மெட் வாரைப் பூட்டுமுன் சைக்கிளைக் கம்பியிலிருந்து எடுக்கலாகாது என்பது விதி. காலுறை பற்றி விதி ஏதும் இல்லை. விதி இல்லாத இடத்தில்தான் ஆய்வு செழிக்கும்.

காலுறை என்பது சாக்ஸ். ஈரக்காலில் அதை ஏற்றும் முறை மூவகைப்படும்: துடைத்து ஏற்றல், உதறி ஏற்றல், பிடிவாதம். முதலிரண்டும் வெளிப்படை. சென்ற ஆண்டு கட்டுரையாளன் கைக்கொண்டது மூன்றாவது. இடக்கால் பாதி ஏறியது. குதிகாலுக்கு வந்ததும் துணி மேலே வர மறுத்து, ரப்பர் வளையம்போல் சுருண்டுகொண்டது. இழுத்தால் விரல்நுனித் தையல் அடிப்பக்கம் போயிற்று. கழற்றித் திருப்பினால் உள்ளே மணல். மணலை உதறியபோது மற்றச் சாக்ஸும் கைதவறி ஈரப்பாயில் விழுந்தது. பக்கத்துக் கம்பியில் சைக்கிள் மாட்டியிருந்த பெரியவர், அறுபதுக்கு மேல் இருக்கும், எனக்குப் பின்னால் கடலிலிருந்து வந்தார். துண்டில் காலை ஒருதரம் ஒற்றினார். வெறுங்காலை ஷூவுக்குள் விட்டார். "வரேன் தம்பி" என்று கிளம்பிப் போனார். நான் அப்போது வலக்காலைத் தொடங்கியிருந்தேன். (தன்மை ஒருமை நுழைந்தமைக்கு ஆய்வுலகம் பொறுத்தருள்க.) டி1 மொத்தம் 6 நிமிடம் 12 விநாடி.

இவ்வாண்டு காலுறையே அணியவில்லை. டி1, 3 நிமிடம் 31 விநாடி. மிச்சம் 2 நிமிடம் 41 விநாடி!

நுண்ணறிவுடையோர் இங்கே திடுக்கிடுவர். மொத்த முன்னேற்றமே 2 நிமிடம் 20 விநாடிதான். அப்படியாயின் காலுறை நீங்கலாக, ஆறு மாதப் பயிற்சியின் விளைவு 21 விநாடிப் பின்னடைவு. வாய்மொழிச் சான்று இதைச் சுருங்கச் சொல்கிறது: "ஏங்க, போன வருஷமே சாக்ஸ் போடாம போயிருந்தா, இந்த ஆறு மாசமும் வீட்ல எல்லாரும் தூங்கியிருக்கலாம்ல?" (சமையலறை மரபு, மிக்ஸி ஓசைக்கு இடையே கேட்டு எழுதியது.)

இதற்கு மறுப்பும் உண்டு. வெறுங்கால் ஷூவில் உரசி, ஓட்டத்தின் மூன்றாம் கிலோமீட்டரில் வலது பெருவிரலின் உட்பக்கம் கொப்புளம் கிளம்பியது. அதனால் ஓட்டம் சென்ற ஆண்டைவிட 1 நிமிடம் 49 விநாடி கூடிற்று. அந்த இழப்பையும் காலுறையின் கணக்கில் எழுதினால் அதன் நிகரப் பங்கு 52 விநாடி. எஞ்சிய 88 விநாடி நீச்சல், சைக்கிள், டி2 (சைக்கிளை விட்டு ஓடக் கிளம்பும் இடம்) ஆகியவற்றின் வழியே பயிற்சிக்குச் சேரும். இக்கொள்கையை வலியுறுத்துபவர் பயிற்சியாளர். முன்னேற்றத்தில் தம் பெயரும் இருக்க வேண்டும் என்கிறார்; நெறியாளர் மரபுப்படி அது முதல் பெயராக அமையும்.

ஆக, காலுறைப் பள்ளி ஒன்று, கொப்புளப் பள்ளி மற்றொன்று. இருசாரும் இணங்குவது அரிது, இணங்கவும் தேவையில்லை. ஒரே நூலின் காலத்தை ஐந்நூறு ஆண்டு முன்னே தள்ளியவரும் பின்னே தள்ளியவரும் ஒரே மேடையில் அடுத்தடுத்துப் பொன்னாடை போர்த்திக்கொண்டு, ஒரே காரில் ரயில்நிலையம் போவதை நாம் பார்த்ததில்லையா?

அடுத்த ஆண்டுக்கான முன்மொழிவு, மீண்டும் சமையலறை மரபிலிருந்து: "சாக்ஸுக்குள்ள கொஞ்சம் பவுடர் கொட்டி வெச்சா வழுக்கிட்டுப் போயிடும். பாப்பாவுக்கு ஸ்கூல் ஷூ மாட்ட நான் அதைத்தானே பண்றேன்." கருதுகோள் ஏற்கப்பட்டது. கூடத்தில் காலை நனைத்துச் சோதித்ததில் இரு கால்களுக்கும் சேர்த்து 19 விநாடி. தரையைத் துடைக்க ஆன நேரம் இதில் சேராது.

கொப்புளம் இன்றோடு ஐந்து நாள். முதன்மைச் சான்று என்பதால் உடைக்கவில்லை. பார்வையிட விரும்பும் ஆய்வாளர்கள் மாலை 6 மணிக்குமேல் வரலாம். செருப்பை வாசலில் விடவும்.