தோட்டத்துப் பூனைக்கு மருந்து

பீடோங் பக்கத் தோட்டத்தில் நான் வளர்ந்த காலத்தில் பூனையின் தோலில் எது வந்தாலும் சொறிதான், மருந்தும் ஒன்றுதான். வருடத் தொடக்கத்தில் பால்மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, தளிரைச் சாம்பல் நோய் தாக்காமலிருக்கக் கந்தகத்தூள் அடிப்பார்கள். அதில் ஒரு பிடி லயத்துக்கும் வந்துவிடும். பாட்டி அதைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூனையின் காதில் தடவுவார். பல பூனைகள் தேறின. காதோரம் தொடங்கி முகமெல்லாம் பொருக்குத் தட்டும் சொறி, தோலைக் குடைந்து வாழும் சிற்றுண்ணியால் வருவது. கந்தகம் அதைக் கொல்லும். சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலை மிருக வைத்தியர்கள் இன்றும் கைவிடவில்லை.

சிலர் மண்ணெண்ணெய் தடவினார்கள், டெட்டால் ஊற்றினார்கள். பூனை உடம்பை நக்கியே துப்புரவு செய்யும் பிராணி; தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போய்விடும். டெட்டால் போன்றவற்றின் நஞ்சை முறிக்கும் சக்தி அதன் கல்லீரலுக்குப் போதாது. நாயின் உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரினும் பூனையின் உயிரைக் குடிக்கும்.

இப்போது சுங்கைப் பட்டாணியில் மிருக வைத்தியர்கள் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். வட்டமாக முடி கொட்டினால், படர்தாமரையா என்று ஊதா விளக்கடியில் பச்சை ஒளி தேடுகிறார்கள். ஒளிராவிட்டாலும் நோய் இல்லையென்று ஆகாது. முடியைப் பிடுங்கிப் பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்கவேண்டும்.

எனக்குப் பெரிய கவலை ஸ்போரோடிரிக்கோசிஸ். 1896-இல் அமெரிக்காவில் பெஞ்சமின் ஷெங்க் முதலில் பதிவுசெய்த பூஞ்சை நோய் இது. பல நாடுகளில் முள்ளாலும் மண்ணாலும் தொற்றுவது, மலேசியாவில் பெரும்பாலும் பூனைக் கீறலால் வருகிறது. பூனைக்கு மூக்கிலும் பாதத்திலும் ஆறாத புண்கள் வரும். கண்ணாடித் தகட்டைப் புண்ணில் ஒற்றிச் சாயமேற்றினால் பூஞ்சை மொய்த்துக் கிடப்பது தெரியும். அதனால்தான் ஒரே கீறலில் மனிதருக்கும் தொற்றுகிறது: முதலில் விரலில் ஒரு கட்டி, பிறகு கையில் மேல்நோக்கி வரிசையாகக் கட்டிகள். பூனைக்கு மாதக்கணக்கில் இட்ராகோனசோல் கொடுக்கவேண்டும். புண் மூடிய பிறகும் குறைந்தது ஒரு மாதம் நிறுத்தக்கூடாது. பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும்.

அன்று மூக்கில் புண் வந்த பூனையைக் கோணியில் கட்டிப் பால்மரக் காட்டில் விட்டார்கள். இன்று தாமான்காரர்கள் பெட்டியில் வைத்துப் பசாரில் விடுகிறார்கள். இது கொடுமை, நோயையும் ஊரெல்லாம் பரப்புகிறது. கூண்டில் வைத்து, கையுறை போட்டு மருந்து கொடுங்கள். உங்கள் கையில் ஆறாத கட்டி இருந்தால், வீட்டில் பூனை இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.