ஓசி டூரும் ஒரு ஓநாயும்

1739 மார்ச் கடைசியில் டோவரில் இரண்டு வாலிபர்கள் கப்பல் ஏறினார்கள். ஒருவன் ஹொரேஸ் வால்போல், வயது 21, பிரதமர் ராபர்ட் வால்போலின் கடைக்குட்டி. இன்னொருவன் தாமஸ் கிரே, வயது 22, அம்மா தொப்பிக்கடை வைத்துப் படிக்கவைத்த பிள்ளை. ஈட்டன் பள்ளியில் இவர்களும் இன்னும் இருவரும் சேர்ந்து ‘நால்வர் கூட்டணி’ என்று தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கென்றால் வாட்ஸ்அப் குரூப். அப்புறம் கேம்பிரிட்ஜ். இரண்டு பேருமே டிகிரி வாங்காமல் வெளியே வந்தார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைக்கு டிகிரி எதற்கு? இத்தாலியை ஒரு சுற்று சுற்றி வந்தால் படிப்பு முடிந்ததாகக் கணக்கு.

செலவு முழுக்க ஹொரேஸுடையது. சொந்தச் சம்பாத்தியம்தான். அப்பா புண்ணியத்தில் கருவூலத்தில் அவனுக்குச் சில உத்தியோகங்கள் இருந்தன. வேலை கிடையாது, சம்பளம் உண்டு. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது நாம்தான் என்று இனி யாரும் பெருமைப்பட வேண்டாம்.

பாரிஸ் பார்த்து, ரைம்ஸில் மூன்று மாதம் பிரெஞ்சு படித்து, நவம்பரில் ஆல்ப்ஸ் ஏறினார்கள். ஹொரேஸ் ஒரு குட்டிக் கறுப்பு ஸ்பானியல் நாயையும் கூட்டிப்போயிருந்தான். பெயர் டோரி. அப்பாவோ விக் கட்சித் தலைவர்; டோரி எதிர்க்கட்சி. எதிர்க்கட்சி வாலாட்டிக்கொண்டு பின்னால் வரும் சுகமே தனி. அந்தச் சுகம் நிலைக்கவில்லை. பட்டப்பகலில், வண்டிக்குப் பக்கத்தில் நடந்த டோரியை ஒரு ஓநாய் கழுத்தோடு கவ்விக்கொண்டு பாறை ஏறிப் போய்விட்டது.

மோன் செனி கணவாயில் வண்டியைக் கழற்றிக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிவிட்டார்கள். கரடித்தோலில் சுற்றிய நண்பர்கள் இருவரும் கழியில் கட்டிய நாற்காலிகளில், சாமி புறப்பாடு மாதிரி. ஸ்ரீபாதந்தாங்கிகள் புளித்த ஒயின் ஏற்றியிருந்தார்கள். கால் வைக்க இடமில்லாத பாறை விளிம்பில், சாமிகளைத் தோளில் வைத்துக்கொண்டே அவர்களுக்குள் அடிதடி. பின்னாளில் எழுத்தாளர்களான இந்தச் சாமிகள் கீழே விழாதது இங்கிலீஷ் இலக்கியத்தின் அதிர்ஷ்டம்.

இத்தாலியில்தான் சாயம் வெளுத்தது. கிரே கையில் நோட்டுப் புத்தகம். ஓவியம், சிலை, இடிந்த சுவர் எதையும் விடாமல் குறிப்பு எடுத்தான். ஹொரேஸுக்கு ராத்திரி முழுக்க நடனம், கார்னிவல், காலையில் தூக்கம். ஃப்ளாரன்ஸில் பிரிட்டிஷ் பிரதிநிதி ஹொரேஸ் மேன் வீட்டில் மாதக்கணக்கில் டேரா. 1740-ல் போப் இறந்தார். புதுப் போப் தேர்தலைப் பார்த்துவிடலாம் என்று ரோமுக்கு ஓடினார்கள். கார்டினல்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு மாதம் இழுத்தார்கள். ரிசல்ட் ஆகஸ்டில்தான் வந்தது. பையன்கள் அதற்கு முன்பே பொறுமையிழந்து ஃப்ளாரன்ஸ் திரும்பிவிட்டார்கள்.

இரண்டு வருஷம் ஒரே முகத்தையே பார்த்தால் கல்யாணமே ஆட்டம் காணும். 1741 மே மாதம் ரெஜ்ஜோவில் பெரிய சண்டை. கிரே வெனிஸுக்குப் போய்விட்டான். தொண்டை வீங்கிச் சாகக் கிடந்த ஹொரேஸை அந்த வழியாக வந்த ஜோசப் ஸ்பென்ஸ் என்ற இங்கிலீஷ்காரர்தான் டாக்டரை வரவழைத்துக் காப்பாற்றினார். மறுபடி பேச்சுவார்த்தை 1745-ல். “தப்பு என்னுடையதுதான், பிரதமர் மகன் என்ற திமிர்” என்ற பொருள்பட ஹொரேஸ் எழுதியது 1773-ல். கிரே செத்து அப்போது ஏறக்குறைய இரண்டு வருஷம்.

ஃப்ளாரன்ஸ் நண்பர் மேன் கதை இன்னும் விசேஷம். 1741-க்குப் பிறகு இருவரும் 45 வருஷம் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒரு தடவைகூடச் சந்திக்கவில்லை. 1754-ல் மேனுக்கு எழுதிய கடிதத்தில்தான் ஹொரேஸ் ‘செரெண்டிபிட்டி’ என்ற வார்த்தையைச் செய்தார். தேடாமலே நல்லது அகப்படுவது என்று அர்த்தம். செரெண்டிப் என்பது இலங்கையின் பழைய பெயர். அந்தப் பக்கமும் மனிதர் தலைவைத்துப் படுத்ததில்லை. மேனுக்கு எழுதிய கடிதங்களை மட்டும், பின்னால் அச்சேற்ற உதவும் என்று, அவ்வப்போது கேட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டார்.