தோட்டாவுக்குள் பஞ்சு: கேள்வி-பதில்

அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் பழைய ரைஃபிளுக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறார். மருந்துக்கு மேலே பஞ்சு வைக்கிறார். தோட்டாவுக்குள் பஞ்சுக்கு என்ன வேலை? (திருச்சி வாசகர்)

மருந்தை அதன் இடத்தில் உட்கார வைக்கும் வேலை. அவரிடம் இருப்பது .45-70 போன்ற பெரிய கூடாக இருக்கும். 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா அது. 70 என்பது கருமருந்தின் எடை, கிரெயின் கணக்கில். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். அந்த மருந்து கூட்டை நிறைத்து நிற்க, மேலே 405 கிரெயின் ஈயக் குண்டு அமரும். 1884-இல் பிரான்சின் பால் வியெய் புகையில்லா மருந்தைக் கொண்டுவந்தார். அதில் கொஞ்சம் போட்டாலே அதே வேகம் கிடைக்கும். மருந்து சுருங்கியது, கூடு சுருங்கவில்லை. அந்தக் காலியிடத்துக்குத்தான் பஞ்சு.

காலியாகவே விட்டால் என்ன? (சேலம் வாசகி)

குறைகுடம் தளும்பும். துப்பாக்கியைப் படுக்கையாகப் பிடித்தால் மருந்து கூட்டின் நீளத்துக்குப் பரவிக் கிடக்கும். குழலைக் கீழே சாய்த்துவிட்டுக் குறிபார்த்தால் குண்டை ஒட்டிப் போய்ச் சேரும். கூட்டின் அடியில் தீமூட்டும் பிரைமரின் தீ காலியிடத்தைத் தாண்டித்தான் அதைத் தொட வேண்டும். குழலை மேலே நிமிர்த்திவிட்டு மெதுவாக இறக்கினால் மருந்து பிரைமரை ஒட்டியிருக்கும், சட்டென்று பற்றும். ஒரே எடை, ஒரே குண்டு, ஆனால் வேகமானியில் இரண்டு விதமான எண்கள். தூரத்து அட்டையில் ஓட்டைகள் மேலும் கீழுமாக விழும். சுடுபவர் தன் கையைக் குறை சொல்வார். குற்றம் கூட்டுக்குள் இருக்கும்.

அப்படியானால் கூடு நிறைய மருந்து போட்டுவிட வேண்டியதுதானே? (கோவை வாசகர்)

வேண்டாம், துப்பாக்கி வெடித்துவிடும். 1873-இன் எஃகுக்குக் கருமருந்தின் அழுத்தம்தான் அளவு.

எஃகு தாங்கினாலும் அச்சில் வார்த்த ஈயக் குண்டு தாங்காது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும் மென்மையான உலோகம். வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து கெட்டியாக்குகிறார்கள், அடியில் சின்னச் செம்புத் தொப்பி மாட்டுகிறார்கள். அப்படியும் வேகம் அளவை மீறினால் ஈயம் குழலின் வரிகளில் அப்பிக்கொள்ளும். அமெரிக்கரான டாக்டர் ஃபிராங்க்ளின் மான் 1909-இல் வெளியிட்ட நூலில் குண்டு பறப்பதைப் பற்றிய தன் நீண்ட காலச் சோதனைகளை எழுதியிருக்கிறார். ஈயக் குண்டின் அடிப்பாகம் சிதைந்தால் குறி கெடும் என்பது அதிலிருந்து வீட்டில் தோட்டா நிரப்பும் கைவேலைக்காரர்கள் எடுத்துக்கொண்ட பெரிய பாடம். ஆகவே வார்த்த குண்டுக்காரர்கள் நிதானமான வேகத்தில்தான் சுடுகிறார்கள். நிதானமான வேகம் என்றால் குறைந்த மருந்து. திரும்பவும் காலியிடம்.

இது பொழுதுபோக்காளர்களின் கண்டுபிடிப்பா, ராணுவங்களும் செய்தனவா? (கொழும்பு வாசகர்)

ராணுவங்கள் முன்பே செய்தன. பிரிட்டனின் மார்டினி-ஹென்றி ரைஃபிளின் தோட்டாவில் 85 கிரெயின் கருமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே அட்டைத் தட்டுகள், தேன்மெழுகுத் தக்கை, பஞ்சு எல்லாம் வரிசையாக இருந்தன. அமெரிக்கக் குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கிக்கு 70 கிரெயினின் உதை தாங்கவில்லை. மருந்தை 55 கிரெயினாகக் குறைத்து, அதே கூட்டில் மிச்ச இடத்தைத் தக்கையால் அடைத்தார்கள். 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் அந்தக் குதிரைப்படையின் தளபதி கஸ்டரின் வீரர்கள் சுட்டது இந்தக் குறைத்த தோட்டாவைத்தான்.

எங்கள் ஊர் இலவம் பஞ்சை வெள்ளைக்காரர்கள் தோட்டாவில் போடுகிறார்களாமே, நிஜமா? (போடிநாயக்கனூர் வாசகர்)

உங்கள் ஊர்ப் பஞ்சு என்று சொல்ல முடியாது, ஆனால் இலவம் பஞ்சு என்பது நிஜம். மார்டினி-ஹென்றிக்கு இன்று தோட்டா நிரப்புபவர்களிடம் அதற்குத் தனி மரியாதை உண்டு. இழை உள்ளே வெற்றுக்குழல், மேலே மெழுகுப் பூச்சு. நீர் ஒட்டாது, எடை இல்லை, அழுத்தி விட்டால் மீண்டும் உப்பிக்கொள்ளும். இன்னொரு கட்சி தலையணைக்குள் வைக்கும் பாலியெஸ்டர் இழையை விரும்புகிறது. டாக்ரான் என்றுதான் அவர்கள் பேச்சில் வரும். அது எளிதில் தீப்பற்றாது, ஆனால் சூட்டில் உருகிக் குழலில் பிளாஸ்டிக்காக ஒட்டலாம். இலவம் பஞ்சு சுத்தமாக எரியும், ஆனால் கனன்றபடியே குழல் வாயிலிருந்து பறந்து காய்ந்த புல்லில் விழும். கோடையில் புல்வெளியில் சுடுபவர் அதை எடுக்கவே கூடாது.

பஞ்சு வைத்தால் துப்பாக்கி பாழாகும் என்று ஒரு கட்சி சொல்கிறதே? (சிங்கப்பூர் வாசகர்)

அந்தக் கட்சி சொல்வதில் உண்மை இருக்கிறது. கெடுதல் எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பஞ்சை இரண்டு விதமாக வைக்கலாம். மருந்தின் தலையிலிருந்து குண்டின் அடிவரை இடைவெளியே இல்லாமல் உதிரியாக நிறைப்பது ஒன்று. கையால் உருட்டி மருந்தின் மேல் தக்கையாக அழுத்திவிட்டு, அதற்கும் குண்டுக்கும் நடுவே காற்றை விட்டுவைப்பது மற்றொன்று. ஆபத்து இரண்டாவதில். மருந்து பற்றியதும் தக்கை காலியிடத்தைப் பாய்ந்து கடந்து, இன்னும் அசையாமல் நிற்கும் குண்டின் அடியில் மோதுகிறது. அந்த ஒரு கணத்தில், அந்த ஓரிடத்தில் மட்டும் அழுத்தம் எகிறுகிறது. குண்டின் அடி இருந்த இடத்தைச் சுற்றி எஃகு வெளிப்புறமாகப் பிதுங்கி வளையமாகிறது. சுடுபவருக்கு அப்போது எதுவும் தெரியாது. சத்தத்தில் மாற்றமில்லை, உதையில் மாற்றமில்லை. பிறகு ஒருநாள் கூடு வெளியே வர மறுக்கும்.

சார்லஸ் டெல் என்ற அமெரிக்கத் துப்பாக்கிக்காரர், வெய்ன் ஷ்வார்ட்ஸுடன் சேர்ந்து எழுதிய நூலில் இந்த வளையத்தைச் சோதனையாகவே செய்து காட்டியதை விவரிக்கிறார். நூறாண்டு தாண்டி வந்த எஃகு ஒரு சிட்டிகைப் பஞ்சால் கெடுவதைப் படித்தால் மனசு ஆறாது. பிதுங்கிய எஃகைச் சரிசெய்ய வழி கிடையாது. குழலை மாற்ற வேண்டும், அல்லது உள்ளே புதுக்குழல் செருக வேண்டும்.

பஞ்சுக்குப் பதில் ரவை போடுகிறார்களாமே? (மதுரை வாசகி)

போடுகிறார்கள். அமெரிக்காவில் காலைக் கஞ்சிக்கு விற்கும் கோதுமை ரவை. கருமருந்தைக் குறைத்துப் போடும்போது நேர்க்கூட்டில் அது பழைய வழக்கம். புகையில்லா மருந்தோடு சேர்த்தால் கதை வேறு. ரவைக்கு எடை உண்டு. குண்டோடு அதையும் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் அழுத்தம் ஏறும். கழுத்து குறுகிய கூட்டில் ரவை இறுகி அடைத்துக்கொள்ளும். பெட்டியில் நாளாகக் குலுங்கினால் மருந்தோடு கலக்கும். நான் இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

டாய்லெட் பேப்பர்? (பெயரும் ஊரும் வேண்டாம் என்ற வாசகர்)

காடு எரியும். வேண்டாம்.

மருந்தைக் குறைத்தால் ஆபத்து குறையும், இது பொது அறிவுதானே? (சென்னை வாசகர்)

எல்லா மருந்துக்கும் பொருந்தாது. ஹாட்ஜ்டன் நிறுவனம் ஹெச்-110 என்ற மருந்துக்கு, அச்சிட்ட அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று எச்சரிக்கிறது. குறைத்தால் சரியாகப் பற்றாமல் குண்டு பாதிக் குழலிலேயே நின்றுவிடலாம். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் கிழியும். பஞ்சு வைத்துச் சரிக்கட்டும் விஷயமில்லை இது. மருந்துக்காரர் அச்சிட்ட கையேட்டில் பஞ்சு என்று இருந்தால் பஞ்சு, இல்லையென்றால் இல்லை. அங்கே பஞ்சில்லாமல் போட்ட கணக்கில் நாமாகப் பஞ்சைச் சேர்த்தால் அது புதுக் கணக்கு.

பஞ்சும் வேண்டாம், காலியிடமும் வேண்டாம் என்றால்? (டொரொன்டோ வாசகர்)

நல்ல கேள்வி. பஞ்சு தேடுவதற்கு முன்னால் மருந்தை மாற்றிப் பார்ப்பதுதான் சரி என்பது என் திடமான கருத்து. ஆஸ்திரேலியாவில் முல்வாலா தொழிற்சாலையில் செய்த டிரெயில் பாஸ் மருந்தின் துணுக்குகள் நடுவில் ஓட்டையோடு குட்டி உளுந்துவடை போல இருக்கும். எடை குறைவு, இடம் அதிகம் பிடிக்கும். குறைந்த வேகத் தோட்டாவுக்கென்றே செய்தது. அழுத்தித் திணிக்கக் கூடாது. ஆனால் கடையில் கிடைப்பது அரிதாகிவிட்டது. அக்யூரேட் 5744 இன்னொன்று. கூட்டுக்குள் எங்கே கிடந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி பற்றும் என்று பேர் வாங்கியது.

இதையெல்லாம் நான் இங்கே செய்து பார்க்கலாமா? (ஈரோடு வாசகர்)

கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, அதற்கான உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

ஹூஸ்டனில் ஒரு பழைய ரைஃபிள் விலைக்கு வருகிறது. நீங்கள் சொல்லும் வளையம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஹூஸ்டன் வாசகர்)

முதலில் துப்பாக்கி காலியா என்று நீங்களே திறந்து பாருங்கள். பிறகு தோட்டா அமரும் அறையான சேம்பருக்குள் சாய்வாக டார்ச் அடியுங்கள். குண்டின் அடி இருக்கும் இடத்தில் மெல்லிய நிழல் வட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்யும் கம்பியில் இறுக்கமான துணியைக் கோத்து மெதுவாகத் தள்ளுங்கள். வளையம் உள்ள இடத்தில் கை சட்டென்று இளகும். எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி, அதே துப்பாக்கியில் சுட்ட வெற்றுக் கூடு. விற்பவரிடம் இரண்டு கேட்டு வாங்கி, கூட்டின் வாய்ப்பக்கம் நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். பித்தளையில் மேடு தட்டுப்பட்டால் விலை பேச வேண்டாம்.