கல்யாணம் கலைத்த கச்சேரி

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1913-இல் பிறந்த ஐவி பென்சனைப் பியானோ மேதையாக்கிவிட வேண்டும் என்பது வாத்தியக்காரரான அப்பாவின் ஆசை. எட்டு வயதுக்குள் 'பேபி பென்சன்' என்று தொழிலாளர் கிளப்புகளில் மேடையேற்றியும் விட்டார். பிள்ளையோ ஜாஸ் கலைஞர் பென்னி குட்மனின் இசைத்தட்டைக் கேட்டது, பியானோ அம்போ.

14 வயதில் பள்ளிக்கு முழுக்கு, பர்ட்டன் தையல் ஆலையில் வேலை. வாரம் அரை கிரவுன் சேர்த்துச் சாக்ஸபோன் வாங்கினாள். பகலெல்லாம் ஆண்களுக்குக் கோட்டு, ராத்திரியானால் நடன இசை. அந்த ஆண்களுக்கே பின்னால் வயிறெரியப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

1939-இல் அம்மணி சொந்தமாக ஒரு பெண்கள் பேண்டு தொடங்கினார். யுத்தம் வந்தது. ஊதுகிறவர்கள் எல்லாம் துப்பாக்கி தூக்கப் போக, 1943-இல் பிபிசி தன் ஆஸ்தான நடன பேண்டாக ஐவியின் குழுவை அமர்த்தியது. அவ்வளவுதான், ஆண் பேண்டு தலைவர்களுக்குச் சுருதி போய்விட்டது. பொம்பளைக்கா இந்த வேலை என்று ஒரே கூச்சல். குண்டு விழுந்தபோதுகூட இவ்வளவு அலறியிருப்பார்களா, சந்தேகம்தான். அம்மணி அசையவில்லை. 1945-இல் பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியே அழைத்து பெர்லினில் வெற்றி விழாவுக்கு வாசிக்க வைத்தார்.

உண்மையான எதிரி அமெரிக்கச் சிப்பாய். வட இங்கிலாந்தின் பித்தளை வாத்தியக் குழுக்களிலிருந்து சின்னப் பெண்களை ஐவி பொறுக்கி எடுத்து, ஜாஸ் சொல்லிக்கொடுப்பார்; தேறிவரும் நேரம் பார்த்து ஒரு சிப்பாய் வந்து மோதிரம் மாட்டுவான். ஒரே வருஷத்தில் ஏழு பேரை அமெரிக்காவுக்குத் தாரை வார்த்ததாக அம்மணியே புலம்பியிருக்கிறார். ஒருத்தி மேடையிலிருந்து நைஸாக இறங்கினாள். கழிப்பறைக்காக்கும் என்று இவர் நினைத்தார். அவளோ சிப்பாயோடு கம்பி நீட்டிவிட்டாள்! எதிர்த்த ஆண்களால் கலைக்க முடியாத பேண்டை, காதலித்த ஆண்கள் தவணை முறையில் கலைத்துக்கொண்டே இருந்தார்கள். இவரும் விடாமல் அடுத்த பெண்ணைப் பிடித்து அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிப்பார். இப்படி இருநூறுக்கு மேற்பட்ட பெண்கள் அங்கே தொழில் கற்றார்கள். மணமேடைக்கு ஆள் அனுப்பும் இசைக்கல்லூரி என்று பலகை மாட்டியிருக்கலாம்.

அம்மணியும் இரண்டு தடவை கல்யாணம் செய்துபார்த்தார், இரண்டும் விவாகரத்து. பேண்டு மட்டும் 1980-கள் வரை தாக்குப்பிடித்தது. அப்புறம் கிளாக்டன் கடற்கரை ஊரில் குடியேறி, விடுமுறைக்கு வந்தவர்களுக்கு ஆர்கன் வாசித்தார். அதற்கு ஒரே ஆள் போதும்; பாதிப் பாட்டில் யாரும் ஓடிப்போக முடியாது.